அண்ணன் காரும் தம்பி காரும் ஓர் எருமையும்

கார் மெக்கானிக்கிடம் வருகிற எவரும் காரைப் பற்றிக் கேட்க வருவதில்லை. மனசுக்குள் எடுத்துவிட்ட முடிவுக்கு ஒரு சாட்சி தேடித்தான் வருகிறார்கள். ஸ்பேனர் பிடித்துக் கை காய்ச்சுப்போன உங்களுக்கு இதை நான் சொல்லியா தெரியவேண்டும்?

தொண்ணூறுகளின் தொடக்கம். அம்பத்தூரில் வார்ப்புப் பட்டறை வைத்திருந்த தணிகாசலம் முதலாளியிடம் ஒரே கம்பெனியின் இரண்டு வெளிநாட்டுக் கார்கள் இருந்தன. ஒன்று எழுபதுகளில் வந்த கார்பரேட்டர் வண்டி. மற்றது அதற்கு அடுத்த தலைமுறை. கண்ணாடிகூடப் பொத்தானில்தான் ஏறி இறங்கும். நான் வைத்த பெயர் அண்ணன், தம்பி. இரண்டின் வேக மீட்டரிலும் இருநூற்றிருபது வரைக்கும் எழுதியிருந்தது.

முதலாளியம்மா கமலா மாடு கன்றோடு வளர்ந்தவர். "ஷெட்டுல ஒரு காரு போதும். ஆயுத பூஜை முடிஞ்சதும் திருநின்றவூர்லேர்ந்து என் எருமை வருது" என்று சொல்லிவிட்டார். எந்தக் காரை வைத்துக்கொள்வது என்று தீர்ப்பு சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அதில்தான் சிக்கல். அண்ணனைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவேன். தம்பியைத் தொடுவதற்கு சிட்டியில் மெஷின் வைத்திருக்கும் ஆள் வேண்டும். தம்பி ஷெட்டில் தங்கினால் அந்த வீட்டு வேலை எனக்குப் போச்சு. என் வீட்டு உலை பாதி மாசம் கொதித்ததே அந்த வேலையில்தான்.

வேகப் பரீட்சை

"எது வேகம்னு மொதல்ல பாத்துடலாம் மேஸ்திரி" என்றார் முதலாளி. காலையிலேயே திருமுல்லைவாயில் ரோட்டில் அண்ணனை விட்டோம். முன்னால் வைக்கோல் வண்டி. இருபதைத் தாண்டவில்லை. மறுநாள் தம்பி. அதே வைக்கோல் வண்டி, அதே மாடு, அதே இருபது.

முதலாளி ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. வண்டிக்காரர் நிதானமாகத் திரும்பிப் பார்த்தார். "இன்னா அண்ணாத்தே அவசரம்? பறந்து போனாலும் கேட்டாண்ட நிக்கத்தானே போறே!"

கேட்டாண்ட

அவர் சொன்னது பலித்தது. ரயில்வே கேட் சாத்தியிருந்தால் அண்ணனை அணைக்கக் கூடாது. சூட்டில் அணைத்தால் ஆறும்வரை கிளம்பாது. ஒருநாள் முதலாளி மறந்துபோய் அணைத்துவிட்டார். கேட் திறந்ததும் பின்னால் நின்ற லாரிக்காரர்கள் திட்டிக்கொண்டே தள்ளித் தண்டவாளத்தைத் தாண்டவைத்தார்கள்.

தம்பி ஜம்மென்று கிளம்பும். ஆனால் இன்னொரு நாள் கேட்டில் நிற்கும்போது கண்ணாடி நாலும் ஏறியபடியே நின்றுவிட்டது, கதவும் பூட்டிக்கொண்டது, ஏசியும் போனது. உள்ளே முதலாளி வியர்த்து ஊற்றி ஏதோ கத்துகிறார். ரயில் வருகிறதா என்று பார்க்க இறங்கி வெளியே நிற்கும் எனக்கு ஓர் எழுத்தும் கேட்கவில்லை. வேர்க்கடலை விற்கிறவர் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தார். "வாய மட்டும் தொறந்து தொறந்து மூடிகினு கீறாரு நைனா, மீன் தொட்டி கணக்கா!"

பெல்ட்

அண்ணனுக்கு ஒருநாள் பெல்ட் அறுந்தது. பட்டறையில் உலைக்குக் காற்றடிக்கிற மோட்டாரின் பெல்ட்டைக் கழற்றி மாட்டினேன். கனகச்சிதமாக உட்கார்ந்தது. அன்றைக்கு உலை பற்றவில்லை, வேலையாட்கள் பதினோரு பேரும் டீக்கடையில் இருந்தார்கள்.

தம்பிக்கு அப்படி எதுவும் பொருந்தாது. அதன் பெல்ட் கப்பலில்தான் வரவேண்டும். இருந்தாலும் முதலாளிக்குத் தம்பி மேல்தான் கண். "தம்பி ஓடலேன்னா தம்பி மட்டுந்தான் நிக்குது மேஸ்திரி. அண்ணன் ஓடணும்னா என் ஃபாக்டரியே நிக்குதே!"

பொட்டு

ஆயுத பூஜை வந்தது. இரண்டு காருக்கும் மாலை, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம். கமலாம்மா தன் கையாலேயே எல்லா லைட்டுக்கும் சந்தனம் குழைத்து, நடுவில் வட்டமாகக் குங்குமம் வைத்தார்.

முதலாளிக்கு அன்றே மனைவியைத் தம்பி பக்கம் இழுத்துவிட ஆசை. "மேஸ்திரி, இதுல லைட்டுக்கே தனியா வைப்பர் கீது. அம்மாவுக்குப் போட்டுக் காட்டு" என்றார். நான் உள்ளே உட்கார்ந்தேன். லைட்டில் பொட்டு இருப்பது எனக்குத் தெரியும். 'மொதலாளி, இப்ப வேணாம்' என்று சொல்ல நேரமும் இருந்தது. சொன்னால் தம்பி ஷெட்டிலேயே தங்கிவிடும். என் வீட்டு உலை அணையும். பொத்தானை அழுத்தினேன்.

தண்ணீர் பீய்ச்சி, இரண்டு குட்டி வைப்பர்களும் சரக் சரக்கென்று குங்குமத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, நல்ல பிள்ளையாகப் போய்ப் படுத்துக்கொண்டன. தேங்காய் உடைக்கப் போன பூசாரி ஓங்கிய கையோடு நின்றார். கமலாம்மா தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நான் வெச்ச பொட்டை என் கண்ணெதிர்லயே அழிக்குது! இது இந்த ஊட்ல நின்னா நான் நிக்கமாட்டேன்!"

ஷெட்டில்

அந்த வாரமே தம்பி விலைபோனது. அது நின்ற இடத்துக்கு எருமை வந்தது. தை மாசம் மறுபடி அதே கேட். அண்ணன் சூடேறி நின்றது. நானும் முதலாளியும் தோளோடு தோள் கொடுத்துத் தள்ளினோம். பாதித் தண்டவாளத்தில் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். "லைட்ல பொட்டு கீறத நீ பாத்தேதானே மேஸ்திரி? சரி, சரி, தள்ளு, அடுத்த ரயிலு வந்துடப்போவுது!"

இருநூற்றிருபதில் பறக்கிற காரை அம்பத்தூரில் தோற்கடிக்க ஒரு பொட்டும், ஓர் எருமையும், பேசவேண்டிய நேரத்தில் வாயைத் திறக்காத ஒரு மெக்கானிக்கும் போதும்.