அலுமாரியில் இருந்த ஆறு கிளாஸ்கள்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் மொன்டிசோரி திறந்த அன்று நான் ஐந்து வரிச் செய்தி எழுதி, கேகாலை டவுனுக்குப் போய் என் பழைய பத்திரிகைக்கு பெக்ஸ் அனுப்பினேன். பத்திரிகையில் இரண்டு வரி வந்தது. 'பெற்றோர் பெருமகிழ்ச்சி' என்று எழுதியிருந்ததை வெட்டிவிட்டார்கள். கல்யாணத்துக்கு முன் கொழும்பில் அதே பத்திரிகையில் ஆறு வருடம் அச்சுப்பிழை திருத்தும் மேசையில் உட்கார்ந்திருந்தவள் நான். அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் வெட்டியிருப்பேன்.

ஆனாலும் அன்று காலை நடந்தது நடந்ததுதான். ரப்பர்ப் பால் நிறுக்கும் பழைய கொட்டகைதான் மொன்டிசோரி. பால் வெட்டு இல்லாத இரண்டு மழை நாட்களில் ஆண்கள் சேர்ந்து அதற்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். தொழிற்சாலைக் கதவுக்கு அடித்ததில் மிஞ்சிய பெயின்ட். பதினோரு பிள்ளைகள் வந்தார்கள். எல்லாத் தலையிலும் எண்ணெய், எல்லா நெற்றியிலும் பவுடர். ஒரு தகப்பன் தன் மகளை மேல் லயத்து வீட்டிலிருந்து தோளிலேயே தூக்கி வந்தான். புதுச் சப்பாத்தில் சேறு படக்கூடாதாம். வாசலில் இறக்கிவிட்டு, சப்பாத்தின் அடியைப் புரட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டான். எங்கள் தோட்டத்தில் அதுவரை நாலு வயதுப் பிள்ளைக்கு இருந்த ஒரே இடம் பிள்ளைக்காம்பரா. அங்கே தூங்க வைப்பார்கள், பால்மா கரைத்துக் கொடுப்பார்கள். பள்ளிக்கூடம் என்று சொல்லிக்கொள்ள நாலு வயதுக்கு ஒரு இடம் இருக்கும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை.

டீச்சர் கீழ் லயத்துப் பெண்தான். டவுனில் பயிற்சி முடித்து வந்திருந்தாள். சாமான் வாங்கித் தர யாரும் இல்லாததால் தானே செய்துகொண்டாள். தோட்டத்து ஆசாரியைக் கெஞ்சி, வெட்டிப்போட்ட ரப்பர் மரத்தில் பெரிதிலிருந்து சிறிது வரை பத்துக் கட்டைகள் அறுத்து வாங்கினாள். பழைய சட்டையின் முன்பக்கத்தைச் சட்டத்தில் அடித்து, பொத்தான் போடப் பழக்கினாள். எழுத்துக்களை மரம் தேய்க்கும் மணல்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டினாள். தண்ணீர் ஊற்றிப் பழக ஒரு சின்ன வாளியும் நாலு சிரட்டையும் வைத்தாள்.

என் மகளை நான்தான் தினமும் கொண்டுபோய் விடுவேன். என் வீட்டுக்காரர் விடிவதற்குள் பால் வெட்டப் போய்விடுவார். மகள் காலையில் எழுந்ததும் தன் சப்பாத்து இரண்டையும் வாசலில் குதிகால் ஒட்ட வைப்பாள். அரை விரல் விலகியிருந்தாலும் குனிந்து சரி செய்வாள். அதை ஒவ்வொரு நாளும் பார்த்தும் எனக்குச் சலிக்கவில்லை.

ரப்பர் தோட்டத்தில் மழை பெய்தால் வெட்டு இல்லை. பட்டை நனைந்திருந்தால் பால் பட்டையில் கீறிய காணுக்குள் நிற்காமல் மரமெல்லாம் வழிந்துவிடும். இரண்டாம் மாதத்தில் அப்படி ஒரு மழைக்காலையில் வீட்டுக்காரர், "இன்னிக்கு நான் கொண்டுபோய் விடுறேன்" என்று மகளைக் குடைக்குள் இழுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது குடை மடித்துக் கையில் இருந்தது. மழை நின்றிருக்கவில்லை.

"ஏம்புள்ள, உள்ள என்ன நடக்குதுன்னு நீ பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன். ஏன்?"

"ஒருத்தி கூட்டுறா. ஒருத்தி துணி மடிக்கிறா. நம்ம பிள்ள சிரட்டையில தண்ணி மோந்து வாளியில ஊத்துது. ஊத்திட்டு விரலால சிரட்டைய வழிச்சு எடுக்குது. வழிச்சு! எங்கம்மா பால் வழிச்ச மாதிரியே. நாலு வயசுலயே பால் எடுக்கப் பழக்குறாங்க, அதுக்கு நீ தலை சீவி அனுப்புற."

அந்தச் சிரட்டையை நான் நாற்பது நாள் பார்த்திருக்கிறேன். எத்தனை சிரட்டை, எந்தத் தட்டில் இருக்கிறது என்றுகூடச் சொல்வேன். ஆனால் எனக்கு அது வெறும் சிரட்டை. தினமும் முன்னூறு மரத்தில் ரப்பர்ப் பால் வடிந்த சிரட்டையைத் தூக்குகிற மனிதருக்கு அது வேறு சாமான்.

"டவுன்ல போய்ப் பாரு," என்றார். "டை, சொக்ஸ். சிங்களத்துலயும் இங்கிலீசுலயும் பாட்டுப் பாடுதுங்க. நான் வேன்காரன்கிட்ட பேசிட்டேன். 'ஹரி, லபன மாசே இந்தன் எவன்ன'ன்னுட்டான். அடுத்த மாசத்துல இருந்து அனுப்பலாம்."

அந்த வேனை எனக்குத் தெரியும். பதினைந்து பேர் போகிற வேனில் முப்பது பிள்ளைகள் போகும். காலை ஆறரைக்கு ஏறினால் இரண்டு மணிக்குத்தான் இறங்கும். ஏறுகிற வேகத்தில் சப்பாத்தைக் குதிகால் ஒட்ட வைக்க நேரம் இருக்காது. இதை எல்லாம் சொன்னேன். அவர் சிரட்டையையே சொல்லிக்கொண்டிருந்தார்.

சாயங்காலத்துக்குள் பேச்சு பீலிக்குப் போய்விட்டது. தண்ணீர் பிடிக்க வந்த எல்லாருக்கும் சிரட்டைதான் கதை. அடுத்த மழைக்காலையில், யாரும் கூப்பிடாமலே, பெற்றோர் எல்லாரும் கொட்டகைக்கு முன் நின்றார்கள். என் வீட்டுக்காரர் முன்னால் நின்றார்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. கூட்டுறது, வழிக்கிறது எல்லாம் எங்களுக்கே தெரியும். அது தெரியாம இருக்கத்தான் பிள்ளைங்கள இங்க அனுப்புறோம்."

டீச்சர் சிரட்டைகள் இருந்த தட்டைப் பார்த்தாள். "நானும் லயத்துல பொறந்தவதாண்ணே," என்றாள். "எனக்குத் தோணியிருக்கணும். தோணல. கைக்குக் கெடைச்ச பாத்திரம்னு எடுத்து வச்சிட்டேன். எங்களுக்கு டவுன்ல பழக்கினது சிரட்டையில இல்ல, கண்ணாடி கிளாஸ்ல. நான்தான் பயந்து மாத்துனேன். சிரட்டைய இன்னிக்கே எடுத்துர்றேன். வீட்டுக்கு ஒரு கண்ணாடி கிளாஸ் கொண்டாங்க."

கிளாஸ் எங்கள் லயத்தில் இல்லாமல் இல்லை. எல்லா வீட்டிலும் ஒரு செட் இருந்தது, அலுமாரியில். வீட்டு மனிதர்கள் அதில் குடிப்பதில்லை. வெளியிலிருந்து யாராவது வந்தால் இறக்குவோம்.

பக்கத்துக் காம்பரா அக்காதான் முதலில் வாய் திறந்தாள். "என்னது, கிளாஸா? கல்யாணமாகி ஒம்பது வருசம், எனக்கே இன்னும் கிளாஸ்ல தேத்தண்ணி கெடைக்கல. அவளுக்கா?"

"ஒம்மவளாச்சும் குடிக்கட்டும் விடு," என்றது பின்னால் ஒரு குரல்.

"அவ கையில குடுத்தா கிளாசும் போகும், கையும் போகும்!"

எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

"ஒடைஞ்சா?"

"ஒடையுந்தாண்ணே," என்றாள் டீச்சர்.

"அப்ப நானும் ஒண்ணு சொல்றேன். கிளாஸ் குடுக்குறேன். எம்மக கையில அது ஒடைஞ்சா, அன்னியோட இங்க நிப்பாட்டி டவுனுக்கு அனுப்பிருவேன். எல்லாரும் கேட்டுக்கங்க."

எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். நானும்.

எங்களுடையது ஆறு கிளாஸ். சிவப்புப் பூப் போட்டது. என்னோடு அச்சுப்பிழை திருத்தியவர்கள் கல்யாணத்துக்குக் கொடுத்தது. ஐந்து வருடத்தில் மூன்று முறை இறக்கியிருக்கிறோம்: வாக்காளர் இடாப்பு எழுத கிராம சேவகர் வந்தபோது, நாத்தனாரைப் பெண் பார்க்க வந்தபோது, தோட்டத்துப் பெரிய கிளாக்கர் மழைக்கு ஒதுங்கியபோது. ஆறில் ஒன்றைத் துடைத்து மகளிடம் கொடுத்தேன். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொட்டகை வரை நடந்தாள்.

அதன்பின் மழையே இல்லை. நல்ல வெயில், நல்ல வெட்டு. பெற்றோர் யாராலும் போய்ப் பார்க்க முடியவில்லை. அதனால் பிள்ளைகளைத்தான் கேட்டோம். சாயங்காலம் பீலியில் குடம் வைக்கும்போதே கேள்வி வரும்.

"ஒடைஞ்சிருச்சா?"

"இல்ல."

"இன்னிக்குமா இல்ல?"

ஐந்தாம் நாளுக்குப் பிறகு அது கிரிக்கெட் ஆகிவிட்டது. "ஏழு நாளு, பதினோரு கிளாசு, இன்னும் விக்கெட் விழல" என்று வேலை முடிந்து வரும் ஆண்கள் பாதையில் கத்திச் சொல்வார்கள். பிள்ளைகளும் வீட்டில் ஒரு மாதிரி நடக்க ஆரம்பித்திருந்தார்கள். என் மகள் எவர்சில்வர் டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, அடுப்படியிலிருந்து வாசல் வரை போய்த் திரும்புவாள். கண் டம்ளரில், கால் தானாகப் போகும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெங்காயம் உரிப்பேன். வீட்டுக்காரர் வேறு பக்கம் பார்ப்பது போல இருப்பார். டம்ளர் தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டதும் அவர் தோள் இறங்கும்.

பத்தாம் நாள் காலை மழை.

எட்டு மணிக்குள் கொட்டகையின் இரண்டு ஜன்னலிலும் ஆட்கள். எண்ணினேன், பத்தொன்பது பேர். உலகக் கிண்ணம் ஜெயித்த அன்று தோட்டத்து கிளப்பில் ஒரே டீவிக்கு முன்னால் நின்ற அதே முகங்கள், அதே நெருக்கம். தகரத்தில் மழை அடித்தது. "தள்ளு, தள்ளு, தலைய எடு" என்று பின்னாலிருந்து இடிபட்டது.

உள்ளே சீமெந்துத் தரையில் டீச்சர் சோக்கட்டியால் ஒரு நீள்வட்டம் போட்டிருந்தாள். ஒவ்வொரு பிள்ளையும் முன்பு சிரட்டைகள் இருந்த தட்டிலிருந்து தன் வீட்டுக் கிளாஸை எடுத்து, சின்ன ஜக்கால் தண்ணீர் ஊற்றி, மரத் தட்டத்தில் வைத்து, கோட்டின் மேலேயே நடந்து மறுபக்க மேசையில் கொண்டுபோய் வைக்க வேண்டும். அவ்வளவுதான். அக்காவின் மகள் முதலில் போனாள். அக்கா என் கையை இறுக்கியதில் வளையல் பதிந்தது. "கால பாரு... ஐயோ, மேல பாரு... எங்கயாச்சும் பாருடி!" மேசையில் கிளாஸ் உட்கார்ந்ததும் ஜன்னலில் கைதட்டல். டீச்சர் விரலை உதட்டில் வைத்தாள். ஒன்பதாவது பிள்ளை வரை ஒரு துளிகூட விழவில்லை.

பத்தாவது என் மகள். ஜன்னலில் அப்பாவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே ஊற்றினாள். கிளாஸ் நிறைந்தது, விளிம்புக்கு மேல் நின்றது. நான் வாய்க்குள், "கொறைச்சுக்கோ, கொறைச்சுக்கோ" என்றேன். அவள் தட்டத்தைத் தூக்கினாள். நாலு அடி. ஐந்து. வளைவில் திரும்பும்போது தண்ணீர் சிந்தித் தட்டம் நனைந்தது. நனைந்த தட்டத்தில் கிளாஸ் ஒரு விரற்கடை நகர்ந்தது. பிறகு ஒரு சாண் நகர்ந்தது. பிறகு தரை.

வீட்டுக்காரர் ஜன்னல் கம்பியை விட்டுவிட்டுக் கதவுப் பக்கம் நடந்தார். நான் பின்னால் ஓடினேன். லயத்தில் பாத்திரம் உடைந்தால் முதலில் முதுகில் அடி விழும், கேள்வி அப்புறம்தான் வரும். நானும் அப்படித்தான் வளர்ந்தேன்.

மகள் தரையைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். "டீச்சர், ஒடைஞ்சிருச்சு," என்றாள். ஆறு வருடத்தில் என் மேசைக்கு வந்த எந்தச் செய்தியும் அவ்வளவு நேராக இருந்ததில்லை.

"ஆமா," என்றாள் டீச்சர். "எல்லாரும் இருந்த எடத்துலயே இருங்க."

மகள் சுற்றிக்கொண்டு போய், ஆணியில் தொங்கிய தகர முறத்தையும் ஒரு பழைய பத்திரிகையையும் எடுத்து வந்தாள். டீச்சர் துண்டுகளைக் கூட்டி முறத்தில் எடுத்துக் கொட்ட, அவள் பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. பிறகு துணி கொண்டுவந்து தண்ணீரைத் துடைத்து, வாளியில் பிழிந்தாள். பிழிந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

வீட்டுக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. உள்ளே ஒரு கால் வைத்தார்.

"அப்பா, செருப்பப் போட்டுட்டு வாங்க," என்றாள் மகள். "கண்ணாடி இருக்கும்."

அவர் காலைப் பின்னுக்கு எடுத்தார். திரும்பிச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். பிறகுதான் கேட்டார்.

"எப்புடி ஒடைஞ்சிச்சு?"

"நெறைய ஊத்திட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். அவர் அவளைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். மழையில் இறங்கினார்.

"போச்சு," என்றாள் அக்கா. "நேரா வேன்காரன்கிட்டதான் போறான்."

கொட்டகைக்குக் கீழே பாதை பிரியும். இடது பக்கம் போனால் மெயின் ரோடு, வலது பக்கம் போனால் லயம். நான் படியில் நின்று பார்த்தேன். அவர் வலது பக்கம் திரும்பினார். அதிலும் எனக்கு நிம்மதி வரவில்லை. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் எங்கள் வீட்டு அலுமாரியில்தான் இருந்தது, டவுன் மொன்டிசோரியில் முதலில் கேட்பது அதைத்தான். உள்ளே பதினோராவது பிள்ளை கோட்டில் நடந்து முடித்தாள். யாரும் கைதட்டவில்லை. எல்லாரும் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பன்னிரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தார். சட்டைக்குள் எதையோ அணைத்துப் பிடித்திருந்தார். செருப்போடு உள்ளே போய், டீச்சரின் மேசையில் ஒரு பொட்டலத்தை வைத்துப் பிரித்தார். என் பத்திரிகைதான், ஈரத்தில் மை ஊறியிருந்தது. உள்ளே சிவப்புப் பூப் போட்ட ஐந்து கிளாஸ்.

டீச்சர் எண்ணிப் பார்த்தாள். "ஒண்ணு போதுமேண்ணே."

"எங்க போதும்? இன்னும் ஒடையும்ல?" என்றார்.

ஜன்னலில் முதலில் சிரித்தது அக்கா. பிறகு கொட்டகையே சிரித்தது. யாரோ, "விக்கெட் விழுந்தும் ஆட்டம் நிக்கலடோய்!" என்று கத்தினார்கள்.

மகள் சிரிக்கவில்லை. தட்டத்தைத் துணியால் துடைத்து ஈரம் போய்விட்டதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். ஐந்தில் ஒரு கிளாஸை எடுத்தாள். ஜக்கைச் சாய்த்து, பூவின் காம்பு வரை, பாதிதான் ஊற்றினாள். தட்டத்தைத் தூக்கிக்கொண்டு கோட்டில் கால் வைத்தாள்.

ஜன்னலில் மறுபடியும் தலைகள் நெருங்கின.