உள்ளே என்ன சொன்னாங்க?

நீதிபதிகள் ஊருக்குத் தீர்ப்புச் சொல்கிறார்கள். அவர்கள் பெற்ற பயிற்சி உருப்படியானதா என்று தீர்ப்புச் சொல்வது என் தொழில். கேட்பதற்கு ராஜ உத்தியோகம் மாதிரி இருக்கும். நீங்கள் யாருக்காவது பயிற்சி நடத்தி, முடிவில் 'பயன் பெற்றீர்களா?' என்று ஒரு படிவத்தை நீட்டி, அவர்கள் அவசரமாகப் பேனா தேடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் கட்சிதான். கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், நானும் உட்காருகிறேன்.

பதினான்கு வருடம் நீதிமன்றத்தில் உரைபெயர்ப்பாளராக நின்று கால் வலித்த பிறகுதான் கண்டியில் இந்த வேலைக்கு வந்தேன். எங்கள் பயிற்சி நிலையத்தில் மதிப்பீட்டுப் பிரிவு என்றால் இரண்டே பேர்: நானும், அலவத்துகொடயிலிருந்து வரும் நிஸ்தார் நானாவும். எங்களுக்கு மேலே பணிப்பாளர் ஐயா. ஓய்வுபெற்ற நீதிபதி, யாழ்ப்பாணத்துக்காரர், லேசில் சிரிக்க மாட்டார்.

நடக்காத விரிவுரைக்கு முழுப் புள்ளி

நீதவான்களுக்கு இரண்டு நாள் பயிற்சி ஒன்று ஆரம்பித்தோம். நீதிமன்றத்தில் தாங்கள் போடும் கட்டளையை, எதிரில் நிற்கிற மனிதருக்கு விளங்குகிற மாதிரிச் சொல்வது எப்படி என்பதுதான் பாடம். முதல் தடவை முடிந்ததும் படிவங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு ஐந்து. ஹோலுக்கு ஐந்து, கதிரைக்கு ஐந்து, கோழிக்கறிக்கு ஐந்து. இரண்டாம் நாள் காலை விரிவுரைக்கும் ஐந்து. அந்த விரிவுரையாளர் கடுகண்ணாவை ஏற்றத்தில் வாகன நெரிசலில் மாட்டிக்கொண்டு, வந்து சேரவே இல்லை. அந்த நேரம் முழுக்க எல்லோரும் வெளியே நின்று பிளேன்டீ குடித்தார்கள்.

படிவக் கட்டைத் தூக்கிக்கொண்டு பணிப்பாளர் அறைக்கு ஓடினேன். இதை வைத்து நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்கிறோம் ஐயா என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி ஆற அமரத் துடைத்தார். "பிள்ளை, நடக்காத விரிவுரைக்கே இவ்வளவு புள்ளியெண்டால், மிச்சத்தையும் நடத்தாமலே விட்டிருக்கலாம்."

ஒரு பை துணி

ஐயா விளையாட்டாகச் சொல்லவில்லை. இரண்டு நாள் பயிற்சியை நிறுத்திவிட்டு ஒரு மணித்தியாலப் பேச்சாகச் சுருக்கிவிடலாம் என்று மேலிடத்தில் ஏற்கனவே பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. மூன்று மாதத்துக்குள் இந்தப் பயிற்சியால் நீதிமன்றத்தில் ஏதாவது மாறியது என்று காட்டினால் வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் மூடிவிடுவோம் என்று எனக்குத் தவணை கொடுத்தார். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது நிஸ்தார் நானாதான் வழி சொன்னார். படிவத்தைத் தூக்கி அலுமாரியில் வை, நீதிமன்ற வாசலில் போய் நில், வெளியே வருகிற ஆளிடம் கேள் என்றார். மறுநாளே குட்ஷெட் பஸ் நிலையத்தில் புசல்லாவை பஸ்ஸில் ஏறினேன். வழியில் ஒரு நீதிமன்றம்; பெயர் வேண்டாமே. எதிரே ஒரு தேத்தண்ணிக் கடை. என்னிடம் இருந்தது ஒரே கேள்வி: "உள்ளே என்ன சொன்னாங்க?" அநேகமாக எல்லோரும் "தவணை" என்றார்கள், அதாவது வழக்கு இன்னொரு நாளுக்குத் தள்ளிப்போயிருக்கிறது. எதற்குத் தவணை, அதுவரை என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று கேட்டால் கையை விரித்தார்கள்.

பத்தரை மணி போல ஒரு தேயிலைத் தோட்டத்து அம்மா அழுதுகொண்டே வந்தார். கையில் ஒரு துணிப்பை. உள்ளே இரண்டு சேலை, ஒரு துவாய், பற்பசை. தோட்டத்தில் மரம் வெட்டி விறகு எடுத்தார் என்று அவர்மேல் வழக்கு. மறியல் சிறைக்குப் போக ஆயத்தமாகவே வந்திருக்கிறார். நீதவான் ஏதோ சொன்னாராம், உரைபெயர்ப்பாளர் அடுத்த கோப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாராம், பொலிஸ்காரர் கையைக் காட்டி இறங்கச் சொன்னாராம். எந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும் என்று தெரியாமல் வாசலில் தவித்துக்கொண்டிருந்தார்.

நான் உள்ளே ஓடி, வழக்கு இலக்கத்தைச் சொல்லிக் கேட்டேன். அந்த அம்மாவுக்கு விடுதலை! வழக்கே முடிந்துவிட்டது! ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். சொல்லும்போது எனக்கும் அழுகை வந்துவிட்டது. பதினான்கு வருடத்தில் நான் மொழிபெயர்த்து அனுப்பியவர்களில் எத்தனை பேர் இப்படிப் பையோடு வாசலில் நின்றார்களோ என்று நினைத்தேன், வெட்கமாக இருந்தது. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். துவாயை உள்ளே தள்ளிப் பையை முடிச்சுப் போட்டார். "அப்ப நான் பஸ்ஸுக்குப் போகலாமுங்களா?"

இது உங்கள் வீடு இல்லை

பஸ்ஸில் திரும்பும்போதே பயிற்சியை மனதுக்குள் கழற்றிப் பூட்ட ஆரம்பித்துவிட்டேன். கம்பளை வருவதற்குள் முதல் நாள் விரிவுரைகள் அத்தனையையும் வெட்டியாயிற்று. அதற்குப் பதிலாக நீதவான்களைச் சாதாரண உடுப்பில், தமிழில் வழக்கு நடக்கிற வேறோர் ஊர் நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போய், பொதுமக்களோடு மர வாங்கில், அவர்கள் உட்காரும் அதே பெஞ்சில், உட்காரவைப்பது. அந்த ஊர் நீதவானிடம் மட்டும் அனுமதி வாங்குவது, வேறு யாருக்கும் மூச்சு விடக்கூடாது. பணிப்பாளர் ஐயா 'உது வில்லங்கம்' என்றார். ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

போன இடத்தில் எனக்குப் பக்கத்தில் ஓர் இளம் நீதவான் அம்மா உட்கார்ந்தார். சிங்களவர், தமிழ் கொஞ்சம்தான் வரும். நான் யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று: பையோடு நின்ற அம்மாவின் வழக்கை முடித்துவைத்தவரே இவர்தான். உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, கால்மேல் கால் போட்டார். நீதிமன்ற வாங்கில் அது ஆகாது என்று ஒரு நாள் வந்துபோன ஆளுக்கும் தெரியும். மேலே உட்கார்ந்தே பழகியவருக்கு எப்படித் தெரியும்? பொலிஸ்காரர் விறுவிறென்று வந்தார். காலைக் கீழே போடுங்கள், இது உங்கள் வீடு இல்லை என்று ஒரு போடு போட்டார். அம்மா சட்டென்று இரண்டு காலையும் ஒட்டிவைத்துக்கொண்டார். பிறகு ஒன்றரை மணித்தியாலம் அசையவே இல்லை. எனக்கோ உள்ளுக்குள் வாணவேடிக்கை. எந்த விரிவுரையாளரால் இந்தப் பாடத்தை எடுத்திருக்க முடியும்? வெளியே வந்ததும் என் முழங்கையைப் பிடித்து நிறுத்திச் சிங்களத்தில் கேட்டார். "நீதவான் பேசினதுல ஒரு வசனம்கூட எனக்குப் பிடிபடல மிஸ், நானும் என் கோர்ட்டுல இப்படித்தானா?"

பலாமரம்

இரண்டாம் நாள் நிஸ்தார் நானாவைக் கூண்டில் ஏற்றினோம். கூண்டு என்றால் மேசையும் நாலு கதிரையும். அவருக்கும் பக்கத்து வீட்டுக்கும் எல்லையில் நிற்கும் பலாமரத்தால் சண்டை என்று ஒரு கற்பனை வழக்கு. தமிழில் வழக்கு நடத்திப் பழகிய மூத்த நீதவான் ஒருவர் ஹோல் மேடையில் உட்கார்ந்து கட்டளை சொன்னார். எல்லை அளந்து முடியும்வரை இரு பகுதியும் மரத்தில் கைவைக்கக்கூடாது என்பதுதான் விஷயம். அதை அவர் அசல் சட்டத் தமிழில், ஒரே வசனத்தில், மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். நானா "சரிங்க ஐயா" என்று பவ்வியமாகத் தலையாட்டினார். நீதவான் திருப்தியோடு கோப்பை மூடினார். கொஞ்சம் பொறுங்கள் ஐயா, இப்போது சொன்னதை அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள் என்றேன். மரத்தை வெட்டி ஆளுக்குப் பாதி எடுக்க வேண்டும் என்றார் நானா.

ஹோல் கொல்லென்று சிரித்தது. மூத்தவருக்கு ரோஷம் வந்துவிட்டது. கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு இரண்டாம் தடவை சொன்னார், மூன்றாம் தடவை சொன்னார். நானாவுக்கு நடிக்கத் தெரியாது. விளங்கினால்தான் விளங்கியது என்பார். நான்காம் தடவை நீதவான் மேடையைவிட்டு இறங்கி வந்து, அளக்கிறவர் வந்து அளந்து முடிக்கும்வரை நீங்களும் தொடாதீங்க, அவரும் தொடக்கூடாது, பழம் தானாக விழுந்தாலும் எடுக்காதீங்க என்று நிதானமாகச் சொன்னார். நானா ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னார். விக்கெட் விழுந்த மாதிரி நீதவான் இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார்! அந்த ஹோல் அப்படி ஒரு கைதட்டலைக் கேட்டிருக்காது. இடைவேளையில் அவரே நானாவைத் தேடிப்போய், விளங்காமலே ஏன் முதலில் சரி என்றீர்கள் என்று கேட்டார். "ஐயா, நாங்க கோர்ட்டுல சரிண்டு தலையாட்டுறது வெளங்கினதுக்கு இல்ல, கூண்டுலேந்து எறங்குறதுக்கு."

மிஞ்சிய வடை

பயிற்சி முடிந்த கையோடு பழைய வாசலுக்கே போனேன். முதல் வாரம் "தவணை". இரண்டாம் வாரமும் "தவணை". ஐயா கொடுத்த மூன்று மாதத்தில் இன்னும் சில நாட்கள்தான் மிச்சம். போதாக்குறைக்கு, அடிக்கடி வந்து நின்று விசாரிக்கிற என்னை ஏதோ புரோக்கர் என்று சனம் முடிவுகட்டிவிட்டது. கடைக்கார அண்ணன் ஒருநாள் பிளேன்டீயை டொக்கென்று வைத்தார். "மிஸ், நீங்க வந்து நிக்கிற அன்னைக்கு ஆளுங்க பூராவும் பின்வாசலால போயிடுறாங்க, எனக்கு வடை மிஞ்சிப்போவுது."

தோற்றவர்

கடைசி நாள் பணிப்பாளர் ஐயாவே கூட வந்தார். என் அறிக்கையை நம்பவில்லை என்று அர்த்தம் இல்லையாம், சும்மா பார்ப்பதற்காம். கடை வாங்கில் உட்கார்ந்து பதினொரு மணிவரை பார்த்துக்கொண்டே இருந்தார். வந்த மூன்று பேரும் "தவணை" என்றார்கள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். நான் கும்பிடாத தெய்வம் இல்லை.

அப்போது புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒருவர் குடையை விரித்துக்கொண்டு வெளியே வந்தார். வெளுத்த சட்டை, ஐம்பது வயது இருக்கும். கேள்வியைக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். "என் மரக்கறித் தோட்டத்துக்குள்ள போற பாதையை நான் மூட முடியாதுங்க," என்றார் அவர். "நான் அங்க வர்றதுக்கு முந்தியே மேல் வீட்டு ஆளுங்க அதுல நடக்குறாங்க. இனி வேலி அடிச்சா குத்தம் என் பேர்ல வந்துரும். எனக்குச் சரியாப் படலைன்னா மேல்கோர்ட்டுக்குப் போகலாமாம்." கண்ணைத் திறந்தேன். ஐயா எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். "உங்களுக்கு உது எப்பிடி இவ்வளவு வடிவா விளங்கினது?" என்று கேட்டார்.

"ரெண்டு தடவை நான் சரிங்கம்மான்னு தலையாட்டினேன் சார். அம்மா விடல. மொழிபெயர்க்கிறவர்கிட்ட சொல்லி, சரி வேணாம், நான் சொன்னத நீங்க சொல்லுங்கன்னுட்டாங்க. மூணாந்தடவைதான் எனக்கு வந்துச்சு." கால்மேல் கால் போட்டு ஏச்சு வாங்கிய அதே நீதவான் அம்மா! நான் நடுத்தெருவில் "ஐயோ!" என்று கத்தியேவிட்டேன், கடைக்கார அண்ணன் வடைத் தட்டோடு எட்டிப்பார்த்தார். பணிப்பாளர் ஐயா மட்டும் விடவில்லை. அப்ப வழக்குத் தோத்ததில கவலையில்லையோ என்று கேட்டார். வந்தவர் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டார். "கவலைதான் சார், ஆனா எதுக்குத் தோத்தேன்னு வீட்டுல போயி சொல்ல எனக்குத் தெரியுமே."

அன்று பின்னேரம், இரண்டு நாள் பயிற்சி தொடரட்டும் என்று மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தைப் பணிப்பாளர் ஐயா எனக்கு வாசித்துக் காட்டியபோது, முதல் வரிக்குப் பிறகு சந்தோஷத்தில் ஒரு சொல்லும் காதில் ஏறாமல் 'சரிங்க ஐயா' என்று தலையாட்டிய நான், 'சரி வேண்டாம் பிள்ளை, சொல்லுங்கோ பாப்பம்' என்று அவர் மடக்கியதும் விழித்த விழியில், அந்தப் பயிற்சிக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுக்க வேண்டியவள் நான்தான் என்பது எங்கள் இருவருக்குமே நன்றாக விளங்கிவிட்டது.