மணல் படகில் ஆறு பேர்

பதுளை கடைத்தெருவில் இருக்கும் எங்கள் ஸ்டூடியோவுக்குப் படம் எடுக்க வருகிறவர்களைவிட, இறந்தவர்களுக்குக் கோட்டு மாட்ட வருகிறவர்கள்தான் அதிகம். கல்யாணமாகி இந்தக் குடும்பத்துக்குள் வந்த நாளிலிருந்து இந்த வேலை என்னுடையது. முன்பு பிளேடும் பசையும், இப்போது கணினி. செத்துப்போனவருக்குத் தனிப்படம் இருக்காது. யாருடைய கல்யாணத்திலோ எடுத்த கூட்டப் படத்தைக் கொண்டுவந்து, ஓரத்தில் பாதித் தலை மறைந்து நிற்கிறவரைக் காட்டி, "இவருதாங்க, கோட்டு போட்டுருங்க" என்பார்கள். தலையை மட்டும் எடுத்துப் பெரிதாக்கி, என்னிடம் இருக்கும் நீலக் கோட்டில் பொருத்தி, பின்னால் கொஞ்சம் மேகம் போட்டுக் கொடுப்பேன். ஆயுசு முழுக்கத் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்த மனிதர்கள், போன பிறகு டை கட்டிக்கொண்டு சுவரில் தொங்குவார்கள். அந்த ஒரே கோட்டை எத்தனை தோட்டங்களில் எத்தனை பேர் போட்டிருக்கிறார்களோ, எனக்கே தெரியாது.

போன வருடம் ஒரு நாள் காலை, பசறைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பெண் வந்தாள். என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். பத்து நாளில் மகளுக்குக் கல்யாணம். மகள் மணவறைக்குப் போகும் முன் அப்பாவின் படத்தை விழுந்து கும்பிட வேண்டும். வீட்டில் படம் இல்லை. அவளிடம் இருந்தது ஒரே ஒரு பழைய படம்தான். அதைக் கல்யாணக் கார்டு ஒன்றின் உறைக்குள் வைத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்து வந்திருந்தாள்.

நான் எதிர்பார்த்தது வழக்கமான கூட்டப் படம். அவள் எடுத்து வைத்ததில் ஒரு படகு இருந்தது. தட்டையான, அகலமான மரப்படகு. நடுவில் ஓலைக் கூரை. தோட்டத்து லயத்தின் வீட்டு வரிசையில் ஒரு காம்பரா அறையைப் பெயர்த்துத் தண்ணீரில் விட்டதுபோல இருந்தது. முன்னால் மணல் குவியல், அதன்மேல் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பக்கமும் நீளமான கம்பை ஊன்றி இரண்டு பேர். கூரையடியில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒருவர் குந்தியிருந்தார். பின்னால் சுக்கானைப் பிடித்தபடி ஒருவர். கரையில் நின்று யாரோ எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முகமும் ஓர் உளுந்து அளவு.

"இது எங்க எடுத்தது தங்கச்சி?" என்றேன்.

"கொழும்புக்கு அங்கிட்டு, நீர்கொழும்பு பக்கம் ஒரு வாய்க்கா இருக்காம் அக்கா. வெள்ளக்காரனுக்கும் முந்தி வெட்டுனதாம். அதுல மணலு ஏத்துற வேல. தோட்டத்துல வேலைக்குப் பேரு பதியலன்னு போனாரு. போயி ரெண்டாவது மாசம் இந்தப் படத்த அனுப்பினாரு. மூணாவது மாசம் தண்ணியில விழுந்துட்டாருன்னு சேதி வந்துச்சு. அங்கேயே அடக்கம் பண்ணிட்டாங்க. இவ அப்ப வயித்துல."

எங்கள் ஊர்த் தண்ணீர் நிற்காது, விழும். துன்ஹிந்தை அருவியைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அசையாமல் கிடக்கிற நீரில் வீடு மாதிரி ஒரு படகு போகிறது என்பதே புதிது. அன்று மத்தியானம் கடையில் ஆள் இல்லாதபோது போனில் தேடிப் பார்த்தேன். அந்த வாய்க்காலின் பழைய படங்கள் நிறையக் கிடைத்தன. தேங்காய் மட்டை ஏற்றிய படகு, செங்கல் ஏற்றிய படகு, விறகுப் படகு. கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுக்கிற ஆட்கள். கூரைக்கு வெளியே சேலையைக் காயப்போட்ட படகு, பிள்ளையைக் குளிப்பாட்டுகிற பெண். ஒவ்வொரு படத்துக்கும் கீழே என்ன சரக்கு, எந்தப் பாலத்துக்குப் பக்கம் என்று எழுதியிருந்தது. நின்ற மனிதர்கள் யார் என்று ஒன்றில்கூட இல்லை. எனக்கு எரிச்சல் வந்தது. செங்கல்லை விசாரித்தவன் ஆளையும் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம்.

கம்பு ஊன்றுகிறவர்களில் இடது பக்கம் நிற்பவர்தான் தன் புருஷன் என்று அவள் காட்டியிருந்தாள். இரண்டு நாள் அந்த உளுந்தோடு மல்லுக்கட்டினேன். முகத்தைத் தெளிவாக்கித் தருகிற செயலி ஒன்று போனில் இருக்கிறது. அதில் போட்டால் பளிச்சென்று பல் தெரியச் சிரிக்கிற யாரோ ஒரு பையன் வந்தான். அடுத்த ஆளைப் போட்டாலும் அதே பையன். அதை விட்டுவிட்டுக் கையாலேயே புருவம், கன்னம் என்று கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கோட்டையும் மாட்டிய நேரத்தில் அவளிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, அவரு இல்ல. மணலு மேல உக்காந்திருக்காரே, வலது பக்கம். அவரு."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "புருஷன் யாருன்னு முடிவு பண்ணிட்டு வாங்க தங்கச்சி, நான் இங்க சும்மா உக்காந்திருக்கேன்னு நெனச்சீங்களா?" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். கடையைத் திறக்கும்போது படியில் நின்றாள். வேலைக்குப் போகாமல் வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. உள்ளே கூப்பிட்டு, பிளேன்டீ கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. எனக்கு அவரு மொகம் மறந்துபோச்சு."

நான் கணினியை விட்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"நாலு மாசந்தான் ஒண்ணா இருந்தோம். விடியக்காலம் வேலைக்குப் பேரு குடுக்கப் பெரட்டுக்குப் போயிருவேன், அந்தியிலதான் வருவேன். வெக்கத்துல நேரா நிமுந்து பாத்ததே இல்ல. அவரு கொரலு ஞாபகம் இருக்கு. கையி ஞாபகம் இருக்கு. மொகந்தான் போயிருச்சு. கல்யாணத்துல படம் எடுக்க அப்ப எங்களுக்கு ஏது வழி? அவரு ஆளுங்கல்லாம் முந்தியே இந்தியா போயிட்டாங்க. கேக்க ஒருத்தரும் இல்ல. நான் இவருதான் இவருதான்னு சொல்லியே புள்ளைய வளத்துட்டேன். இப்பப் போயி எனக்குத் தெரியலன்னு எப்பிடிச் சொல்லுவேன்? கட்டுன புருஷன் மொகம் தெரியாத பொம்பளன்னு அவ நெனச்சிட்டா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முந்தின நாள் போனில் நான் பேசிய பேச்சு என் காதிலேயே திரும்பக் கேட்டது. மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

மகளின் படம் அவள் போனில் இருந்தது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படகில் இருந்த ஆறு பேரையும் ஒவ்வொருவராகப் பெரிதாக்கிப் பார்த்தோம். சுக்கான் பிடித்தவரின் மூக்கு மகளுடைய மூக்கைப்போல இருந்தது. அத்தனை பெரிதாக்கினால் எந்த மூக்கும் எந்த மூக்கைப்போலவும் இருக்கும். அது எனக்குத் தெரியும்.

"இவருதான்" என்றேன்.

"நெசமாவே இவருதானாக்கா?" என்று அவள் என்னிடம் கேட்டாள்.

அவளுடைய புருஷன் யார் என்று என்னிடம் கேட்கிறாள். நான் அந்த மனிதனைப் பார்த்தவள்கூட இல்லை. "ஆமா, இவரேதான்" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆறிப்போன டீயைக் குடித்தாள். மற்றவர்களிடம் பொய் பேசாதே என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறவள் நான். அன்று சொன்னதற்காக இன்றுவரை வருந்தவில்லை.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது படத்தை வாங்க வந்தாள். மகளும் கூடவே வந்திருந்தாள். எல்ல என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிற பெண். தையல் கடையில் ஜாக்கெட் எடுக்க வேண்டும் என்று தொற்றிக்கொண்டாளாம். தாயின் முகம் சரியாக இல்லை. நான் தாளைப் பிரித்து, நீலக் கோட்டுப் படத்தை மகளின் கையில் கொடுத்தேன்.

"இது யாரும்மா?" என்றாள் மகள்.

தாய் என்னைப் பார்த்தாள். "உங்க அப்பாதான். பின்னால சுக்கான் புடிச்சிக்கிட்டு நிப்பாரே" என்றேன்.

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேலியாகச் சிரிக்கவில்லை.

"இவர மட்டும் இன்னும் காட்டலையேன்னு நெனச்சேன். நான் சின்னப் புள்ளையா இருக்கப்ப எடது பக்கம் கம்பு புடிக்கிறவரு. ஸ்கூலு போறப்ப மணலு மேல இருக்கவரு. எடையில மத்த ரெண்டு பேரும் வந்தாங்க. போன தீவாளிக்கு அடுப்புகிட்ட குந்தியிருக்கவரு."

தாய் அப்படியே, படம் எடுக்க ஆட்களை உட்காரவைக்கிற ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "ஒனக்குத் தெரியுமாடி?"

"ஏழெட்டு வயசுலயே தெரியும்மா."

பிறகு என்னிடம் திரும்பினாள். கோட்டுப் படம் வேண்டாம், படகை முழுசாகப் பெரிதாக்கிப் பிரேம் போட்டுத் தர முடியுமா என்று கேட்டாள். "ஆறு பேருல ஒருத்தரு எங்கப்பாதானே ஆன்ட்டி. அது போதும்."

நான் தடுத்தேன். படத்துக்கு மாலை போடுவீர்கள், மற்ற ஐந்து பேரில் யாராவது இன்னும் உயிரோடு இருந்தால் என்ன ஆவது? இருக்கிறவர்களின் படத்துக்கு மாலை போடலாமா?

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப மாலை வேணாம். வெறும் படத்த வச்சு விழுந்து கும்பிட்டுக்கிறேன். இருக்கவங்கன்னாலும் பெரியவங்க. ஆசீர்வாதம் பண்ணட்டும்."

நான் பிரேம் அளவைக் குறிக்க நோட்டை எடுத்தேன். தாய் மட்டும் ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை. அவளுக்குக் கோபமே வந்துவிட்டது.

"தெரிஞ்சிக்கிட்டே எதுக்குடி வருஷா வருஷம் அந்தப் படத்த தூக்கிக்கிட்டு வந்து, இதுல அப்பா யாருன்னு கேட்ட? ஒவ்வொரு தடவையும் எனக்கு உசுரு போயி உசுரு வந்துச்சு."

"வேற எப்பம்மா நீ அவரப் பத்திப் பேசுன?" என்றாள் மகள். "யாரையாவது கையக் காட்டுனப்பதானே பேசுவ."

பழைய படம் மேசைமேல் கிடந்தது. தாய் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஆறு பேரில் ஒருவரையும் அவள் காட்டவில்லை.

"கருவாடுன்னா அவருக்கு உசுரு" என்று ஆரம்பித்தாள்.