முயல் ரொட்டியில் பாதி

“திருட்டா? எதுடி திருட்டு? வாயைக் கழுவிட்டு வந்து பேசு, கிறிஸ்டல்.”

ரொட்டிக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைக்காரியிடம் சொல்கிற மாதிரி எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். “எகோன் ஆயுசு பூரா பூமிக்கு அடியில கிடந்து கரியை முழுங்கினவன். இப்ப மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குது. அவன் பென்ஷன்ல பாதியைப் பிச்சுக்கிட்டுப் போயிட்டா அந்த ஹெட்விக். இந்த வயசுல விவாகரத்தாம்! அடிச்சானா? குடிச்சானா? வேற பொம்பளை வச்சிருந்தானா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன?”

“களைச்சுப் போயிட்டா. அது காரணம் இல்லையா?”

“நாமெல்லாம் களைக்கலையா?”

களைத்துத்தான் போயிருக்கிறோம், அதை யார் இல்லை என்றது. “என் ருஸ்தெமும் அதே சுரங்கம்தான்” என்றேன். “அவர் போனப்புறம் அவர் பென்ஷன்ல எனக்கு ஒரு பங்கு வருது. அதை நீ திருட்டுன்னு சொன்னதில்ல. புருஷன் செத்தா பங்கு நியாயம், உயிரோட இருந்தா திருட்டா? அப்ப ஹெட்விக் என்ன பண்ணியிருக்கணும், அவனைக் கொன்னுருக்கணுமா?”

கடைக்காரி சிரித்துவிட்டாள். கிறிஸ்டல் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். போகட்டும். மற்றவர்களாவது கேளுங்கள். சுரங்கக்காரர்களுக்குக் கட்டிக்கொடுத்த இந்த வீடுகளில், எனக்கும் ஹெட்விக்குக்கும் நடுவில் இருந்தது ஒரு செங்கல் சுவர்தான். எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்தது எனக்குத் தெரிந்த அளவுக்கு எந்தக் கோர்ட்டுக்கும் தெரியாது.

ஹெட்விக் பதினாலு வயதில் தையல் ஆலைக்குப் போனவள். சுரங்கத்து ஆட்களுக்கு மேல்சட்டை தைக்கிற வேலை. சம்பளத்தில் பென்ஷனுக்கென்று ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் இந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பெண்ணுக்குக் கல்யாணமானால், தன்னிடம் பிடித்த அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இனிமேல் புருஷன் சோறு போடுவான், வயதான காலத்துக்கு உனக்கென்று எதற்குத் தனியாக? அதுதான் அவர்கள் யோசனை. ஊரில் எல்லாப் பெண்களும் வாங்கினார்கள், இவளும் வாங்கினாள். கட்டிலோ அலமாரியோ வாங்கியிருந்தால்கூடச் சரி. எகோன் பந்தயப் புறா வளர்க்க ஆசைப்பட்டான். தோட்டத்தின் கோடியில் அவன் கட்டிய புறாக்கூடு இருக்கிறதே, பச்சை வண்ணம் அடித்தது, அதன் ஒவ்வொரு பலகையும் அவள் தைத்த சட்டை.

இதை நான் சொன்னால் “அது அந்தக் காலத்துக் கதை” என்கிறார்கள். அந்தக் காலம் எங்கே போனது? அந்தக் கூடு இன்னும் அங்கேதானே நிற்கிறது?

எகோன் கெட்டவன் இல்லை. சம்பளம் வந்தால் அப்படியே கொண்டுவந்து மேஜைமேல் வைப்பான். சுரங்கம் மூடினபோது ஐம்பது வயதுதான் அவனுக்கு. பென்ஷன் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து அவன் பேச்செல்லாம் புறாக்களோடுதான். “என் ராசாத்தி, வந்துட்டியாடி?” என்று கொஞ்சுவான். நான் முதலில் ஹெட்விக்கை என்று நினைத்து வெட்கப்பட்டுவிட்டேன்.

பந்தய ஞாயிற்றுக்கிழமை வந்தால் தெருவே வாயை மூடிக்கொள்ளும். புறாக்களை லாரியில் ஏற்றித் தெற்கே எங்கேயோ கொண்டுபோய்த் திறந்துவிடுவார்கள். அவை வீடு திரும்பி, கூட்டுக்குள் இறங்கின பிறகுதான் எகோன் கடிகாரத்தில் நேரத்தைப் பதிய முடியும். யாராவது சத்தம் போட்டாலோ கொடியில் வெள்ளைத் துணி ஆடினாலோ புறா மிரண்டு கூரைமேலேயே உட்கார்ந்துகொள்ளும், பந்தயம் போச்சு. அதனால் அன்றைக்குத் துவைக்கக் கூடாது, பிள்ளைகள் கத்தக் கூடாது, கதவை அறையக் கூடாது.

அப்படி ஒரு ஞாயிறு, நான் சுட்ட போரெக், பாலாடைக்கட்டி வைத்துச் சுடுகிற எங்கள் ஊர்ப் பலகாரம், சூடாக இருக்கிறதே என்று தட்டோடு பின்கதவு வழியாக அவள் வீட்டுக்குள் போனேன். சமையலறையில் ஆள் இல்லை. நிலவறைக் கதவு திறந்து கிடந்தது. எட்டிப் பார்த்தால், படிக்கட்டின் அடியில் ஹெட்விக். உருளைக்கிழங்கு எடுக்க இறங்கினவள் வழுக்கி விழுந்திருக்கிறாள். மணிக்கட்டு ஒடிந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. நான் கத்த வாயைத் திறந்தேன். அவள் நல்ல கையின் விரலை உதட்டில் வைத்தாள்.

“ஷ்ஷ். புறா இன்னும் இறங்கல.”

நானும் கத்தவில்லை. அத்தனை வருஷப் பழக்கம். அந்தப் படியிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். அவள் வலியில் தன் சமையல் ஏப்ரனைக் கடித்துக்கொண்டிருந்தாள். போரெக் ஆறிப்போனது. ஒருவழியாக எகோன் உள்ளே வந்தான், முகமெல்லாம் சிரிப்பு. “நம்ம நீலச்சிதான் முதல்ல வந்தா!” அப்புறம்தான் எங்களைப் பார்த்தான். பதறித்தான் போனான், பொய் சொல்லக் கூடாது. “ஐயோ ஹெட்விக்! என்னைக் கூப்பிட வேண்டியதுதானே?”

ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். கட்டுப் போட்டு வெளியே வந்த பிறகு கேட்டாள், “அவன் கேட்டது சரிதான், சுல்ஃபியே. நான் ஏன் கூப்பிடல?”

அந்தக் கேள்வியை அவள் விடவே இல்லை. இலை உதிர்வதற்கு முன் வக்கீலைப் பார்த்துவிட்டாள்.

இங்கே சட்டம் என்னவென்றால், விவாகரத்துக்கு முன் ஒரு வருஷம் பிரிந்து இருக்க வேண்டும். வேறு வீட்டுக்கு வழியில்லாவிட்டால் ஒரே கூரைக்குக் கீழும் இருக்கலாம், ஆனால் அவனுக்குச் சமைக்கக் கூடாது, துவைக்கக் கூடாது. அவள் மாடியில், அவன் கீழே. துவைக்காமல் இருப்பதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. “அவன் சட்டைக் காலரைப் பாத்தியா? கை பரபரங்குது” என்பாள். அவன் டப்பா சூப்பைச் சூடாக்கி ஜன்னலோரம் நின்று குடிப்பான்.

கல்யாணமான பிறகு சேர்ந்த பென்ஷனை இரண்டு பங்காகப் பிரித்துவிடும் கோர்ட், யாரும் கேட்க வேண்டியதே இல்லை. பங்கு வேண்டாம் என்றால்தான் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் காகிதத்தைத்தான் எகோன் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். போட்டால் அவளுக்கு மிஞ்சுவது, பிற்காலத்தில் பள்ளிக்கூடத்தில் தரை துடைத்ததற்கு வருகிற சொற்பப் பென்ஷன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அவள் பார்த்து வைத்திருந்த ஒற்றை அறைக்கு வாடகை கொடுக்க முடியாது. மாடியிலேயே கிடக்க வேண்டியதுதான், ஞாயிற்றுக்கிழமைதோறும் வாயை மூடிக்கொண்டு.

மகன் டெட்லெஃப் வெளியூரிலிருந்து வந்தான். நானும் இருந்தேன், அவள்தான் இருக்கச் சொன்னாள்.

“அம்மா, அப்பா நுரையீரலை வித்துச் சம்பாதிச்ச காசும்மா அது. அதுல கை வைக்காதம்மா.”

ஹெட்விக் காபி ஊற்றினாள். “முயல் ரொட்டி ஞாபகம் இருக்காடா?”

சுரங்கத்துக்குக் கட்டிக் கொடுத்த ரொட்டியில் மிச்சம் இருந்தால் அப்பன்மார் அதைத் தகர டப்பாவில் திரும்பக் கொண்டுவருவார்கள். வழியில் ஒரு முயல் கொடுத்ததென்று பிள்ளைகளிடம் சொல்வார்கள். காய்ந்து, ஓரம் சுருண்டு, கரி வாசனை அடிக்கும். அதற்குத்தான் பிள்ளைகள் அடித்துக்கொள்ளும், என் பிள்ளைகளும் அப்படித்தான்.

டெட்லெஃப் முகம் மலர்ந்தது. “இருக்காதா? சைக்கிள் மணி கேட்டாலே ஓடுவேனே. அப்பா கொண்டு வந்த அந்த ரொட்டி ருசி இன்னைக்கு வரைக்கும் வேற எதுலயும் இல்லம்மா.”

“வெண்ணெய் தடவினது யாரு?”

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். “அது வேற, இது வேற” என்று முனகிவிட்டு எழுந்து போய்விட்டான்.

அவன் கார் கிளம்பின சத்தம் கேட்டதும் ஹெட்விக் தலையை மேஜைமேல் சாய்த்துக்கொண்டாள். “கையெழுத்துப் போட்டுடறேன், சுல்ஃபியே. திங்கக்கிழமை நோட்டரி. என்னால முடியல. பிள்ளையும் அந்தப் பக்கம் போயிட்டான்.”

“போடு. போட்டுட்டு என் வீட்டு வாசலை மிதிக்காத.”

“நீ ஒருத்திதான் பாக்கி இருந்த, நீயும் மிரட்டு.”

“மிரட்டத்தான் செய்வேன். உன் மணிக்கட்டு மழை வந்தா இன்னும் வலிக்குதா இல்லையா?”

அவள் அந்தக் கையை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

ஞாயிறு வந்தது, பந்தய நாள். காற்றே இல்லை. எகோன் புறாக்கூட்டுக்கு எதிரே நாற்காலி போட்டு, கடிகாரத்தை மடியில் வைத்து, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வேலியோரம் அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தேன், சத்தமில்லாமல்தான். அவர்கள் வீட்டுக் கதவு திறந்தது. ஹெட்விக் கோட்டு போட்டிருந்தாள். கையில் சக்கரம் வைத்த பெட்டி.

எகோன் மெதுவான குரலில் கேட்டான், “எங்க கிளம்பிட்ட? நாளைக்கு நோட்டரி இருக்கே.”

“நான் வரல, எகோன். காகிதம் மேஜைமேல இருக்கு. கையெழுத்துப் போடல.”

“ஹெட்விக்…”

“பாதி என்னோடது. மீதி உன்னோடது. சட்டையை வெதுவெதுப்பான தண்ணில ஊற வை, கொதிக்க வைக்காத.”

அவன் எழுந்திருக்கப் பார்த்தான். அந்த நேரம் பார்த்துக் கூரைக்கு மேலே சிறகடிக்கிற சத்தம். நீலச்சி வந்து ஓட்டின் விளிம்பில் உட்கார்ந்தது. எகோன் அப்படியே பாதியில் நின்றுவிட்டான். விரலை உதட்டில் வைத்து, “ஷ்ஷ்” என்றான்.

ஹெட்விக் அவனைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். பெட்டியைக் கையில் தூக்கிக்கொள்ளவில்லை. எங்கள் தெரு கருங்கல் பாவிய தெரு. அந்தக் கல்மேல் சக்கரத்தை இறக்கி, கடகடவென்று இழுத்துக்கொண்டு தெருக்கோடி வரைக்கும் நடந்தாள். புறா எழும்பிப் பக்கத்து வீட்டுப் புகைபோக்கிமேல் போய் உட்கார்ந்தது.