நானூறு ஃபிலிமும் தூங்கிய தம்பியும்

கறுப்பு டப்பாவின் சாம்பல் நிற மூடியைக் கட்டைவிரலால் நெம்பினால் ‘டப்’பென்று ஒரு சத்தம் வரும், கூடவே மருந்துக்கடையும் புதுச் செருப்பும் கலந்தாற்போல ஒரு வாடை மூக்கில் ஏறும். அந்த ஃபிலிம் சுருளின் வாடையை முகர்ந்து முப்பது வருடங்கள் ஆகப்போகின்றன. மற்றவர்களுக்குப் பழைய கேமரா என்றால் நினைவெல்லாம் இனிக்கிறதாம். எனக்கு இன்றும் பயம்தான் வருகிறது.

அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். எனக்குப் பதினொரு வயது. எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்காமல் போய், மூன்றாவதாக, எட்டாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்து சேர்ந்தவன் தம்பி அமல். உள்ளங்கை அகலத்துக்கு நெஞ்சும் பூனைக்குட்டி மாதிரி அழுகையுமாக அவன் வந்த நாளிலிருந்து வீட்டில் யாரும் கதவைக்கூடச் சத்தமாகச் சாத்தவில்லை. அப்பா பெரியப்பாவிடம் போய் அவருடைய கேமராவை இரவல் வாங்கி வந்தார். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. போன இரண்டு பிள்ளைகளுக்கும் வீட்டில் ஒரு படம்கூட இல்லை என்பது எனக்கே தெரியும்.

கேமரா வந்ததும் பக்கத்து வீட்டு பிலோமினா ஆன்டி இரண்டு சட்டங்களோடு வந்துவிட்டார். முதல் சட்டம், “ஃபிளாஷ் அடிக்காதீங்க அண்ணே, பச்சப் பிள்ளைக்குக் கண்ணு போயிரும்.” இரண்டாவது, என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னது: “தூங்குற பிள்ளையப் படம் எடுக்கவே கூடாது. ஆயுசு குறைஞ்சிரும்.” அம்மா உடனே சிலுவை போட்டுக்கொண்டார்.

ஃபிளாஷ் இல்லாமல் வீட்டுக்குள் எப்படி எடுப்பது? அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு படக்கடைக்குப் போனார். “நூறு பத்தாது பாஸ், நானூறு போடுங்க” என்றார் கடைக்காரர். ஃபிலிம் டப்பாவில் போட்டிருக்கும் அந்த எண் கூடினால் குறைந்த வெளிச்சமே போதுமாம். “இது மலிவு சரக்குதான். கொஞ்சம் புள்ளி புள்ளியா வரும், ஆனா முகம் தெரியும்லா.” அப்பாவுக்கு முகம் தெரிந்தால் போதும்.

அன்றிலிருந்து எனக்கு ஜன்னல் திரையை விலக்கிப் பிடிக்கும் வேலை. அம்மா அமலை வெளிச்சத்தில் ஏந்துவார், அப்பா மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு, மேலே சிறு கண்ணாடிக்குள் ஓடும் எண்ணை எனக்குக் காட்டுவார். இரண்டு வாரத்தில் பதினேழு. பதினேழிலும் அமல் அழுதான்.

ஒரு மத்தியானம் நான் பள்ளிவிட்டு வந்தபோது அப்பா வேலையில் இருந்தார், அம்மா குளித்துக்கொண்டிருந்தார். அமல் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தான், கன்னத்தில் ஒரு குட்டி முஷ்டியை முட்டுக்கொடுத்தபடி, ஏதோ பெரிய மனிதர் யோசனை செய்வதுபோல. கேமரா அலமாரியின் மேல் இருந்தது. ஆன்டியின் சட்டம் எனக்கு மறக்கவில்லை. மறந்துவிட்டது என்று இங்கே எழுதினால் பொய். அவன் அழாமல் இருக்கும் ஒரு படமாவது வேண்டும் என்று ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். நாற்காலி போட்டு ஏறிக் கேமராவை எடுத்து ஒரு படம் பிடித்தேன். ‘க்ளிக்’ சத்தத்துக்கு அவன் உடம்பு ஒருமுறை துணுக்குற்றது. எண் பதினெட்டுக்கு வந்தது.

நான்கு மணிக்கு அவன் உடம்பு கொதித்தது. சற்றைக்கெல்லாம் கண் மேலே செருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. அம்மா போட்ட கூச்சலில் பிலோமினா ஆன்டி ஓடிவந்தார், யாரோ டெக்ஸி பிடித்தார்கள். “நீ வீட்டுலயே இரு, அப்பா வந்தா ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லு” என்று அம்மா கத்திக்கொண்டே போனார். காலில் செருப்புகூட இல்லை.

வீட்டில் நானும் கேமராவும் மட்டும் இருந்தோம். அவன் ஆயுசைக் குறைத்தது நான்தான் என்பதில் எனக்குக் கடுகளவும் சந்தேகமில்லை. படத்தால் வந்தது படம் போனால் போய்விடும் என்று புத்தி ஒரு வழி சொன்னது. ஃபிலிமில் வெளிச்சம் பட்ட படம் அழிந்துவிடும் என்று கடைக்காரர் சொன்னதும், ஓரத்துக் குமிழை மேலே இழுத்தால் பின்கதவு திறக்கும் என்பதும் நினைவிருந்தன. இழுத்தேன். திறந்தது.

உள்ளே வரிசையாகப் பதினெட்டு அமல் இருப்பார்கள், கடைசி ஒருவனை மட்டும் அழிக்கலாம் என்று நினைத்திருந்தேன். ஒருவன்கூட இல்லை. மண்நிறத்தில் வழவழவென்று வெறும் பட்டை. கழுவும்வரை ஃபிலிமில் படம் தெரியாது என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. எண்ணைப் பார்த்தேன், அது துள்ளி ஆரம்பத்துக்கே போயிருந்தது. தூங்கியவனோடு அழுதவர்களையும் சேர்த்து நானே துடைத்துவிட்டேன் என்று நினைத்து, படாரென்று கதவை மூடிவிட்டு அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒடுங்கிக்கொண்டேன். ‘அருள்நிறை மரியே’ சொல்லத் தொடங்கினால் பாதிக்குமேல் வார்த்தை வரவில்லை. அப்பா வந்ததும், “அமலுக்கு இழுப்பு” என்று மட்டும் சொன்னேன். சைக்கிளைப் போட்டது போட்டபடி ஓடினார்.

ஏழு மணிக்குப் பிலோமினா ஆன்டி மட்டும் தனியாகத் திரும்பி வந்தார். தனியாக வருகிறார் என்பதைப் பார்த்ததுமே எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். “என்னடி இப்படி வெளுத்துப்போயிட்ட? பிள்ள கண்ண முழிச்சிட்டான்டி” என்றார். நான் அவர் புடவையிலேயே வாந்தி எடுத்தேன்.

நான்கு நாள் கழித்து அமல் வீட்டுக்கு வந்தான். பயம் மட்டும் ஆஸ்பத்திரியில் தங்காமல் கூடவே வந்தது. எண் ஆரம்பத்துக்கே திரும்பியிருந்ததைக் கண்ட அப்பா கேமராவில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, மிச்சத்தையும் எடுத்துத் தீர்த்து, ஃபிலிமைக் கழுவக் கொடுத்தார். படம் வருகிறவரை எனக்குச் சோறு இறங்கவில்லை. வந்தவற்றில் முதல் சில நன்றாகவே இருந்தன, மணல் தூவியதுபோல் புள்ளி விழுந்திருந்தாலும் முகம் தெரிந்தது. அடுத்தடுத்து ஓரத்தில் ஆரஞ்சு நிறம் ஏறிக்கொண்டே போய், பதினெட்டை ஒட்டிச் சில வெறும் வெள்ளை, அதற்குப் பின் எடுத்தவை மறுபடி தெளிவு. “வெளிச்சம் உள்ள புகுந்திருக்கு, யாராச்சும் தொறந்தீங்களா?” என்று கேட்ட கடைக்காரரிடம் அப்பா சத்தியம் செய்யாத குறையாக இல்லை என்றார். பெரியப்பாவிடம், “உங்க கேமரா ஓட்டை” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்ததில் இருவரும் இரண்டு கிறிஸ்துமஸ் பேசிக்கொள்ளவில்லை. அப்பா போய்ச் சேரும்வரை அது ஓட்டைக் கேமராதான்.

அம்மா ஒரு படத்தை மட்டும் கண்ணாடி போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அதில் அமலின் தலைமாட்டில் நெருப்புச் சுடர்போல ஆரஞ்சு வெளிச்சம். “மாதா வந்து நின்னிருக்காங்க பாரு” என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஜெபமாலை சொல்ல அதன் முன் முழங்காலிடும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கும். அம்மா மாதா என்று கும்பிடுவது என் கைவேலையை அல்லவா?

குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் இன்று அண்ணாந்து பார்க்கவேண்டிய கட்டடங்கள். படக்கடை கைத்தொலைபேசி உறை விற்கிறது. போர்ட் கிள்ளானில் கிரேன் ஓட்டும் அமலுக்குப் போன மாதம் பெண் குழந்தை பிறந்தது. அம்மாவோடு பார்க்கப் போனபோது தூங்குகிற குழந்தையின் மேல் அவன் தொலைபேசியை நீட்டிக்கொண்டிருந்தான்.

“டேய், தூங்குற பிள்ளையப் படம் எடுக்காதடா!” என்று கத்தியது நான்தான்.

“டீச்சரா இருந்துக்கிட்டு நீயே இப்படிப் பேசலாமாக்கா? இன்னிக்கு மட்டும் நாப்பது எடுத்துட்டேன்லா” என்று சிரித்தான்.

அம்மா பையிலிருந்து அந்தக் கண்ணாடிப் படத்தை எடுத்து, “தொட்டிலுக்கு மேல மாட்டும்மா, இது மாதா வெளிச்சம்” என்று மருமகளிடம் நீட்டினார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. “அம்மா, அது மாதா இல்ல. நான்தான் கேமராவத் தொறந்தேன்” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

அம்மா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார். “தூங்குறப்ப எடுத்தியே, அந்தப் படம் வந்துச்சா?”

“இல்லம்மா. அது வெள்ளையாப் போச்சு.”

“பிள்ள?”

எதிரே ஆறடிக்கு நிற்பவனைக் கையால் காட்டினேன்.

“அப்ப மாதா உன் கையாலதான் தொறந்திருக்காங்க. இதுக்குப் போயா இத்தன வருஷம் பயந்த?” என்று சொல்லிவிட்டு, ஆணி எங்கே அடிக்கலாம் என்று சுவரைப் பார்க்கத் தொடங்கினார்.

கொஞ்ச நேரம் கழித்து வாசல் பக்கம் போனேன். அமல் தனியாக நின்று தொலைபேசியை விரலால் தட்டிக்கொண்டிருந்தான். தூங்கும் மகளின் படங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் திருடன்போல விழித்தான். கேலி செய்யலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

“அழிச்சதெல்லாம் போனுக்குள்ள இன்னொரு எடத்துல கிடக்குமாம்டா. அதையும் அழிச்சிரு” என்றேன்.