வியன்னாவுக்குத் தெற்கே ஒரு நிரை

சரளாவுக்கு ஐரோப்பாவைப் பிடித்திருந்ததற்கு முக்கியக் காரணம், அங்கே கித்தா என்கிற ரப்பர் மரம் முளைக்காது என்பதுதான். ஈப்போவை அடுத்த செமோர் பக்கத்துத் தோட்டமொன்றில் பன்னிரண்டு வயதில் பால்வெட்டு உளியைப் பிடித்தவர், இருபத்து நான்கில் தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறியபோதுதான் அதைக் கீழே வைத்தார். பிறகு ஈப்போ ஹோட்டலொன்றின் சலவைப் பகுதியில் முப்பத்தைந்து வருடம். வெள்ளைக்காரர்கள் படுத்தெழுந்த விரிப்புகளை மடித்தபடியே அவர்களுடைய ஊர்களைக் கனவு கண்டார்.

காலை நடையில் சிநேகிதியான ஹில்டாவிடம் மட்டும் ஒரு பொய் சொல்லியிருந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஹில்டா, தன் அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசர் என்றதும், "எங்கப்பா ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி" என்று சரளாவின் வாயில் வந்துவிட்டது. பத்து வருடத்தில் அந்தக் கிராணிக்கு முதலில் சைக்கிள் கிடைத்தது. அப்புறம் மோட்டார் சைக்கிள். கடைசியில் ஒரு நாய்கூட. இதெல்லாம் போய்விட்டால் ஹில்டாவும் போய்விடுவார் என்று சரளா பயந்தார். நடப்பதற்கு வேறு ஆளில்லை.

இப்போது இருவரும் பதினான்கு பேர் குழுவோடு ஐரோப்பாவுக்குச் சுற்றுலா வந்திருந்தார்கள். கண்ணாடி ஊதுவதையும் சரிகைப் பின்னலையும் பார்த்தாயிற்று. மணிக்கூண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கத்தில் கேட்பதுபோல் அடித்துப் போயின. அன்றைய பட்டியலில் 'பாரம்பரியக் கைத்தொழில்' என்று மட்டும் இருந்தது. பஸ் ஒரு பைன் காட்டில் நின்றது. பனி மரங்களின் இடுப்பளவில் மிதந்தது. அதற்குள் நடந்த சரளாவின் கால்கள் தாமாகவே நின்றன.

மரத்துக்கு மரம் சாய்வாக ஒரு வெட்டு. அதன் கீழே ஒழுகுவதைப் பிடிக்க ஒரு மங்கு.

ஆறாயிரம் மைல் பறந்து வந்து, மறுபடி பால்வெட்டு மர நிரையில் நிற்கிறோம் என்று அவருக்குப் புரிந்தது.

"இது பைன் பிசின் எடுக்கிற தொழில். யாரு டிரை பண்றீங்க?" என்றான் வழிகாட்டி தர்மேந்திரன். சரளா கைகளைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு ஹில்டாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார். ஆள் வராததால் தர்மேந்திரனே அங்கிருந்த தொழிலாளியிடம் உளியை வாங்கி ஓங்கி இழுத்தான். பட்டையோடு கட்டையும் பெயர்ந்தது.

"ஐயோ, காயம் போடாதீங்க தம்பி!"

யார் கத்தியது என்று சரளாவே திரும்பிப் பார்த்தார். அதற்குள் உளி அவர் கையில் இருந்தது. பக்கத்து மரத்தின் பழைய வெட்டில் காய்ந்திருந்த பிசினை முதலில் உரித்து, உருட்டிப் பைக்குள் போட்டார். பிறகு காகிதம்போல் ஒரே சீவல். குனிந்து மங்கைப் பார்த்தார்.

"பால் எங்க?"

"மெல்லத்தான் வரும் ஆன்ட்டி, நாள்கணக்காகும்" என்றான் தர்மேந்திரன். "அலமாக்! யூடியூப்ல பார்த்துட்டு வந்தீங்களா?"

"ஆமா தம்பி, யூடியூப்."

எல்லோரும் கைதட்டினார்கள், ஹில்டாவைத் தவிர.

பஸ்ஸில் ஹில்டா ஜன்னலோர இருக்கையைப் பிடித்துக்கொண்டார். மலைகள் ஒவ்வொன்றாகப் பனிக்குள் கரைந்துகொண்டிருந்தன. சரளா மனதுக்குள் கிராணியின் நாயை முதலில் அடக்கம் செய்தார். அடுத்து மோட்டார் சைக்கிள்.

"யூடியூப்ல வெட்டக் கத்துக்கலாம். வெட்டுல காஞ்சு ஒட்டியிருக்கிற ஒட்டுப்பாலை உரிச்சுப் பைக்குள்ள போட யாரு கத்துக் கொடுப்பா?" என்றார் ஹில்டா, ஜன்னலைப் பார்த்தபடி.

சரளா அவர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எப்படிக்கா அதெல்லாம் தெரியும்?"

"கோப்பெங் தோட்டத்துல எங்கம்மா வெட்டுன மரத்துக்கெல்லாம் நான்தான் ஒட்டுப்பால் உரிச்சேன். ஸ்கூலுக்குப் போறதுக்கு முந்தி, தினமும் ஒரு நிரை. கையில அந்த நாத்தம் கிளாஸ் வரைக்கும் வரும்."

"அப்போ உங்கப்பா டிரெசர்னு சொன்னது..."

"உங்கப்பா கிராணின்னா, எங்கப்பா டிரெசர்தான் லா!"

முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு இருவரும் சிரித்தார்கள். சரளா பையிலிருந்த உருண்டையை எடுக்கப் பார்த்தார். அது புதுக் கோட்டின் உள்துணியோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. ஹில்டா கையை விட்டு ஒரு துணுக்கைக் கிள்ளி மூக்கருகே வைத்தார். கண்ணை மூடி இழுத்து முகர்ந்தார்.

"நாத்தமே இல்லையே சரளா" என்று குறைபட்டுக்கொண்டார். "இதெல்லாம் ஒரு ஒட்டுப்பாலா?"