கால் கழுவுன தண்ணி

இத எழுத வேணாம்னுதான் இருந்தேன். ஃபார்ம் ஃபோரோட ஸ்கூலுக்கு டாட்டா காட்டுனவன் எழுதி யாரு படிக்கப் போறா? ஆனா பெருமை பீத்தாம இருக்க முடியல லா.

எங்க கோத்தா திங்கி ஒரு தினுசான ஊரு. வெள்ளம் வந்தா சோபா வரைக்கும் தண்ணி, பைப்புல மட்டும் சொட்டு இருக்காது.

ஃபேக்டரில என்கூட வேல செய்யிற மலாய்க்காரன் ஒருத்தன். எஸ்டேட் பக்கம் வளந்ததால தமிழ்ல கெட்ட வார்த்தை எனக்கே சொல்லிக் குடுத்தவன். அவன் கிராமத்துல, கம்பத்து சூராவ்ல, அதான் சின்னப் பள்ளிவாசல்ல, தொழுகைக்கு முன்னாடி கை கால் கழுவுற தண்ணி ஒரு தொட்டிக்குப் போயி, அங்கேருந்து செடிக்குப் போகுது. பாத்தேன். நம்ம கோயில்ல வாசல்ல கால் கழுவுற தண்ணி நேரா லொங்காங்குக்கு, சாக்கடைக்கு ஓடுதே! ஞாயித்துக்கிழமை பைப்ப வாங்கி செம்பருத்திச் செடிக்கு இழுத்துவிட்டேன்.

கோயில் தலைவரு பாத்துட்டாரு.

"டேய் கழுத! கால் கழுவுன தண்ணில வளந்த பூவ அம்மனுக்கு மாலையா போடுவியா? புடுங்குடா பைப்ப!"

அலமாக், அத நான் யோசிக்கவே இல்ல.

"சரி தலைவரே, அத டாய்லெட்டுக்கு விட்டுர்றேன். ஆனா அபிஷேகத் தண்ணிய மிதிச்சா பாவங்கறீங்க. அது மட்டும் லொங்காங்ல போலாமா? அத செம்பருத்திக்கு விடவா?"

தலைவரு மீசையத் தடவுனாரு. "பாலு, எண்ணெய் போனப்புறம் கடைசியா ஊத்துற தண்ணிய மட்டும் விடு. வாயாடாத."

திருவிழாவுக்கு மொத நாளு எங்க தாமான் குடியிருப்பு முழுக்கத் தண்ணி கட்டு, பைப்புல வெறும் காத்து. தண்ணி லாரியும் வரல. அன்னதானத்த நிறுத்திரலாமான்னு கமிட்டி கூடுச்சு. நான் கோயில் டேங்கியத் திறந்து காட்டுனேன், முக்காவாசி நின்னுச்சு. டாய்லெட்டுக்கும் செடிக்கும் அதுலேருந்து எடுக்கவே இல்லியே! ஜனம் சாம்பார் ஊத்தி ஊத்தி சாப்புட்டாங்க.

தலைவரு மைக்கப் புடிச்சு, "இது எல்லாம் நான் யோசிச்ச திட்டம்"னு ஒரே போடு.

அந்தப் பேச்ச வீடியோ எடுத்து என் மலாய்க்காரனுக்கு அனுப்புனேன். "பாத்தியா, உங்க சூராவ் ஐடியா எங்க கோயில்ல ஹிட்டு. பேரு மட்டும் தலைவருக்கு."

பதில் வந்துச்சு: "கவலப்படாத மச்சான், எங்க சூராவ் தலைவரும் அது அவரு ஐடியான்னுதான் சொல்லிட்டுத் திரியிறாரு, பைப்பு போட்டது நான்."